மரக்கன்று நட்டால் பில் பாக்கி தீருமா?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு (சி.எஸ்.ஆர்.), சப்ளையர் பாக்கி, தீபாவளிப் பரிசு, உள்ளுக்குள் நடக்கும் பில் மோசடி பற்றி வாசகர்கள் கேட்டவை.

உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனியின் லாபம் போன வருஷம் முதல்முறையாக 6 கோடி ரூபாய். "இனிமேல் சி.எஸ்.ஆர். உண்டு" என்கிறார் ஆடிட்டர். எவ்வளவு ஒதுக்க வேண்டும்? (ஓசூர் வாசகர்)

ஆடிட்டர் சொல்வது சரி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு மூன்று வரம்புகளை வைத்திருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. மூன்றில் எந்த ஒன்றைத் தொட்டாலும் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

உடனே 6 கோடிக்கு 2 சதவீதம், 12 லட்சம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில்தான் 2 சதவீதம். உதாரணமாக லாபம் 3 கோடி, 4.2 கோடி, 6 கோடி என்று வந்திருந்தால் சராசரி 4.4 கோடி. செலவழிக்க வேண்டியது 8.8 லட்சம். லாபம் என்று இங்கே சொல்வது 198-ஆம் பிரிவின்படி கணக்கிட்ட, வரி கட்டுவதற்கு முந்தைய லாபத்தை. வரி போக மிஞ்சியதை வைத்துக் கணக்கிட்டால் தொகை குறைந்துபோகும், பின்னால் நோட்டீஸ் வரும்.

தொகை 50 லட்சத்தைத் தாண்டாததால் தனிக் கமிட்டி வேண்டியதில்லை, போர்டே முடிவெடுக்கலாம். டிரஸ்ட் மூலம் செய்வதாக இருந்தால் அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், இதே மாதிரி வேலையில் 3 வருஷ அனுபவம் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு எண் இல்லாத டிரஸ்டுக்கு எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும் அது நன்கொடைதான், சி.எஸ்.ஆர். ஆகாது.

பெரும்பாலும் கோளாறு நடப்பது மார்ச் கடைசி வாரத்தில். 28-ஆம் தேதி அவசர அவசரமாக டிரஸ்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு "செலவாகிவிட்டது" என்று எழுதுவார்கள். பணம் டிரஸ்டின் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தால் அது செலவு இல்லை. சொன்ன வேலைக்குத்தான் போனது என்று கம்பெனியின் நிதிப் பொறுப்பாளர் சான்று தர வேண்டும். மிச்சம் இருந்தால் இரண்டு வழி. பல வருஷத் திட்டத்துக்கு உரியது என்றால் ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு 3 நிதியாண்டுக்குள் முடிக்க வேண்டும். மற்றது செப்டம்பர் 30-க்குள் பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்ற, சட்டம் குறிப்பிட்ட நிதிக்குப் போக வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் மாற்றவேண்டிய தொகையைப் போல் இரு மடங்கு அல்லது 1 கோடி, எது குறைவோ அது அபராதம். உங்கள் கணக்கில் 8.8 லட்சத்துக்கு 17.6 லட்சம். பொறுப்பான அதிகாரிக்குத் தனியாகப் பத்தில் ஒரு பங்கு, 88 ஆயிரம்.

ஜூலை போர்டு கூட்டத்திலேயே திட்டத்தை முடிவு செய்து, இரண்டு தவணையாகக் கொடுங்கள். முதல் தவணைக்குப் பில் வந்த பிறகே இரண்டாவது.

எங்கள் மில்லில் குழந்தைகள் காப்பகம் கட்டினார்கள், கழிவுநீர் சுத்திகரிப்பையும் விரிவாக்கினார்கள். இரண்டையும் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதப்போவதாகப் பேச்சு. சரியா? (திருப்பூர் வாசகி)

இரண்டும் கூடாது. தொழிலாளர்களுக்கு மட்டுமே பயன்படுவதையும், வேறு சட்டப்படி செய்தே ஆகவேண்டியதையும் சி.எஸ்.ஆர். விதிகள் வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கின்றன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்பது 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்தது. கழிவுநீர் விஷயத்தை உங்கள் ஊருக்கு நாம் சொல்ல வேண்டுமா? நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதன் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு என்பது தொழில் நடத்துவதற்கான நிபந்தனை. செய்த கெடுதலை நிறுத்துவதற்கு ஆகும் செலவைத் தர்மக் கணக்கில் எழுதுவது நியாயமும் இல்லை.

ஊர் மக்கள் எல்லோருக்கும் திறந்த மருத்துவமனை கட்டி, அதில் மில் தொழிலாளியின் பிள்ளையும் வைத்தியம் பார்த்துக்கொண்டால் அது சி.எஸ்.ஆர்.தான்.

ஞாயிற்றுக்கிழமை மரம் நட வரச்சொல்லி வருகைப் பதிவு எடுக்கிறார்கள். மறுக்கலாமா? (சென்னை வாசகர்)

தாராளமாக. வருகைப் பதிவு எடுத்தால் அது தொண்டு இல்லை, வேலை. வேலை என்றால் மாற்று விடுமுறை கேளுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர்கள் கொடுத்த நேரத்தை ரூபாயாக்கி சி.எஸ்.ஆர். செலவில் சேர்க்க முடியாது என்று அமைச்சகம் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே விளக்கிவிட்டது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணக்குக்கு உதவாது, போட்டோவுக்கு உதவும்.

லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனி ஒன்று 120 நாள் ஆனாலும் பணம் தருவதில்லை. அதே கம்பெனி அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தந்ததாகப் பேப்பரில் முழுப் பக்கம். என்ன செய்யலாம்? (கோவை வாசகர்)

வகுப்பறையின் செங்கல்லில் பாதி உங்கள் பணம் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. ஆனால் கோபத்தைவிடக் காகிதம்தான் கைகொடுக்கும்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். "90 நாள் கிரெடிட்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்து நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள்.

தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18. பாக்கி 5 லட்சத்துக்கு முதல் மாதம் 7,500, அடுத்த மாதம் 7,612.

குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவு சப்ளைக்கு முன்பே இருக்கட்டும். பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்தவர்கள் கோர்ட்டில் சிக்கிக்கொண்டது உண்டு. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இந்தச் சலான் விஷயத்தில்தான் பட்டறைக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள்.

வழக்குக்கு முன் ஒரு கடிதம். அதை பிப்ரவரியில் அனுப்புங்கள். காரணம், 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31-க்கு முன் தீர்க்காவிட்டால் அவர்கள் அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். பர்ச்சேஸ் மேனேஜர் கேட்காததை அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அப்போது கேட்பார். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பிடி கிடையாது. நீங்கள் செய்து கொடுப்பவர், உங்களுக்கு உண்டு.

அதற்கும் அசையாவிட்டால் இந்தப் பாக்கித் தகராறுகளுக்கான அரசு இணையதளத்தில் மனு போடுங்கள், அவற்றைத் தீர்த்துவைக்கும் வசதிக் கவுன்சிலுக்குப் போகும். அங்கே உங்கள் பக்கம் தீர்ப்பானால், அதை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியை நம்பியிருந்தால் கடிதத்தோடு நின்று, முதலில் இன்னொரு வாடிக்கையாளரைப் பிடியுங்கள்.

தீபாவளிக்கு சப்ளையர்கள் தரும் பரிசுக்கு எங்கே கோடு போடுவது? (மதுரை வாசகி, பர்ச்சேஸ் பிரிவு)

இனிப்புப் பெட்டியை ஆபீசிலேயே பிரித்து எல்லோரும் சாப்பிடலாம். வெள்ளிக்காசு, கிஃப்ட் கார்டு, டூர் டிக்கெட் எதுவும் வேண்டாம். உச்சவரம்பு வைக்கும்போது "ஒரு பரிசுக்கு இவ்வளவு" என்று எழுதினால் ஒரே ஆள் பொங்கல், தீபாவளி, பிறந்தநாள் என்று பிரித்துக் கொடுப்பார். ஒரு சப்ளையரிடமிருந்து வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். வீட்டு முகவரிக்கோ குடும்பத்தார் பெயருக்கோ வருவதும் இதில் அடங்கும் என்பதைத் தனி வரியாகச் சேருங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே எல்லா சப்ளையருக்கும் கடிதம் போனால், பெட்டியைத் திருப்பி அனுப்பும் சங்கடம் மிச்சம்.

வராத சரக்குக்கு எங்கள் கம்பெனியில் பில் பாஸ் ஆகிறது. சொன்னால் வேலை போகுமோ என்று பயம். (ஊர், பெயர் வேண்டாம்)

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கிகளில் 50 கோடிக்கு மேல் கடன் உள்ள கம்பெனி ஆகியவற்றில் ஊழியர் புகார் சொல்ல ஒரு வழிமுறை இருந்தே ஆக வேண்டும், புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் காக்கவும் வேண்டும். தேவைப்பட்டால் ஆடிட் கமிட்டித் தலைவரிடமே நேராகப் போகலாம். கம்பெனியின் இணையதளத்தில் தேடுங்கள். 2014-ல் நிறைவேறிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர் மீதான புகார்களுக்கானது, அதை நம்பி இறங்காதீர்கள்.

எழுதும்போது "கொள்ளை", "கூட்டுச்சதி" போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். பில் எண், தேதி, சரக்கு வரவுச் சீட்டு எண், அந்த நாளின் கேட் பதிவேட்டில் அந்த வண்டி இல்லை என்பது, இவ்வளவு போதும். மூன்று பில் சரியாகக் காட்டினால் முப்பதை அவர்களே தோண்டுவார்கள். ஆவணங்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைக்காதீர்கள். ரகசியத்தை வெளியே கொண்டுபோனதாக உங்கள் மேலேயே விசாரணை திரும்ப அதுவே வழி. எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், மூலம் அவர்கள் ஃபைலில் இருக்கும்.