வயர் ஏன் சிக்காகிறது?

கேள்வி: நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை ஒழுங்காகச் சுற்றித்தான் வைக்கிறேன். அடுத்த முறை எடுத்தால் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஏன்?

பதில்: உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றுகிறீர்களா? அதை இன்றே விட்டுவிடுங்கள். ஒரே பக்கமாகச் சுற்றினால், வளையத்துக்கு ஒரு முழு முறுக்கு வயரில் ஏறுகிறது. நுனியைப் பிடித்து இழுக்கும்போது அதுதான் சிக்காகிறது.

மேடையில் மைக் வயர் சுற்றுவது என் வேலை. முதல் வளையத்தைச் சாதாரணமாகப் போடுவேன். அடுத்ததற்குக் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி கையைத் திருப்பி வயரைப் பிடித்து, அப்படியே நிமிர்த்தி வளையமாக்குவேன். இப்படி மாறி மாறிப் போட்டால் ஒரு முறுக்கை அடுத்தது எடுத்துவிடும். பிறகு நுனியைப் பிடித்து வீசினால் நேராக ஓடும். பார்க்கவே அவ்வளவு திருப்தி! ஒன்றில் மட்டும் கவனம்: நுனி வளையங்களுக்குள் நுழைந்துவிட்டால் வரிசையாக முடிச்சு விழும்.

தடித்த கயிறா? தரையில் 8 வடிவில் போடுங்கள், அதிலும் முறுக்கு ஏறாது. ஈரமிருந்தால் காயவைத்துவிட்டுச் சுற்றுங்கள்.

கட்டுவதற்கு ஒரு வெல்க்ரோ பட்டை போதும். வயரின் நுனியாலேயே இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே செம்புக் கம்பி ஒடிந்துவிடும்.