மீனுக்கு ஒரு கண் மட்டும் வீங்கியிருக்கிறதா? மருந்துக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் ஆறு கோல்ட் ஃபிஷ் வளர்க்கிறேன். ஒன்றுக்கு வலது கண் மட்டும் சில நாட்களாக வீங்கி வெளியே தள்ளியிருக்கிறது. மேலே வெள்ளைப் படலமும் தெரிகிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறது. தொட்டியில் மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன், பலனில்லை. ஆன்டிபயாட்டிக் போடலாமா? பார்வை போய்விடுமா?

பதில்: இப்போதைக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே இரண்டு நல்ல செய்திகள் இருக்கின்றன: வீங்கியிருப்பது ஒரே கண், மீன் சாப்பிடவும் செய்கிறது. ஒரு கண் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் அடிபட்டதுதான் காரணம். கல்லில் மோதியிருக்கலாம், இன்னொரு மீன் துரத்தியதில் உரசியிருக்கலாம், வலையில் பிடிக்கும்போது சிராய்த்திருக்கலாம். இரண்டு கண்ணும் சேர்ந்து வீங்கினால் கதையே வேறு. அப்போது உடலுக்குள் பாக்டீரியா தொற்றோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்த வெள்ளைப் படலத்தை ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். கண்ணின் மேற்பரப்பே மங்கலாக இருந்தால் அது வெளிப்படலத்தில் உள்ள பாதிப்பு, பெரும்பாலும் ஆறிவிடும். மேற்பரப்பு பளிச்சென்று இருந்து, உள்ளே முத்து வைத்ததுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது கண்புரை. அதை எந்த மருந்தும் திருப்பித் தெளிவாக்காது. கண்ணுக்குள் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் தெரிந்தால், தண்ணீரில் வாயு அளவுக்கு மேல் கரைந்திருக்கிறது என்று பொருள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றும்போது இப்படி ஆவதுண்டு. தண்ணீரைப் பிடித்து வைத்து, நன்றாகக் காற்றடித்த பிறகே ஊற்றுங்கள்.

மீனுக்கு இமை கிடையாது. அழுக்குத் தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் புண்பட்ட கண்ணைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் தண்ணீரை முதல் மருந்து என்கிறேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டரில் வாழ்கின்றன. மெத்திலீன் ப்ளூ அவற்றையும் பாதிக்கும். அம்மோனியா ஏறியிருக்க வாய்ப்புண்டு. இன்றே டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தினமும் நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியிருக்க வேண்டும், வெப்பநிலையும் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஃபில்டரில் கார்பன் போட்டால் மிச்சமிருக்கும் நீல மருந்தை அது உறிஞ்சிவிடும்.

முடிந்தால் அடிபட்ட மீனை ஸ்பான்ஜ் ஃபில்டர் மட்டும் உள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கல், மணல் எதுவும் வேண்டாம். வெளிச்சமும் குறைவாக இருக்கட்டும். புதிய ஃபில்டர் என்றால் அங்கேயும் அம்மோனியா சீக்கிரம் ஏறும், தினமும் சோதியுங்கள். வீக்கம் வற்ற எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) உதவும். 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே ஒரு குவளையில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இது ஆவியாகாது, எவ்வளவு தண்ணீரை மாற்றுகிறீர்களோ அந்த அளவுக்கு மட்டும் மறுபடி சேர்த்தால் போதும். சமையல் உப்பு இதற்கு மாற்று ஆகாது, இரண்டும் வேறு வேறு. மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்தை விடுவதோ, வீக்கத்தை ஊசியால் குத்துவதோ கூடவே கூடாது. கண்ணைக் காப்பாற்றப் போய் மீனையே இழந்தவர்கள் உண்டு.

ஒரு வாரத்தில் வீக்கம் கூடினாலோ, மறு கண்ணும் தள்ளினாலோ, மீன் சாப்பிடாமல் ஒதுங்கினாலோ, வயிறு உப்பிச் செதில்கள் தூக்கி நின்றாலோ அப்போது ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அதையும் தனித் தொட்டியில், மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு கொடுங்கள். மீன் சாப்பிடும் நிலையில் இருந்தால், தண்ணீரில் கலப்பதைவிட உணவோடு கொடுக்கும் மருந்து நன்றாகப் பிடிக்கும். பாதியில் நிறுத்தாதீர்கள்.

பார்வையைப் பற்றி இப்போதே சொல்ல முடியாது. வீக்கம் வற்றச் சில வாரங்கள் ஆகலாம். சில மீன்களுக்கு அந்தக் கண் பார்வை திரும்புவதில்லை. பயப்படாதீர்கள், மோப்பமும், தண்ணீரின் அசைவை உணரும் உடலின் பக்கவாட்டுக் கோடும் இருப்பதால் ஒற்றைக் கண்ணோடு மீன் நன்றாகவே வாழும். தினமும் ஒரே இடத்தில் தீனி போட்டுப் பழக்குங்கள்.

ஒன்றை அழுத்தியே சொல்கிறேன்: 100 லிட்டரில் ஆறு கோல்ட் ஃபிஷ் அதிகம். நெரிசல் இருக்கும்வரை மோதலும் அம்மோனியாவும் திரும்பத் திரும்ப வரும். பெரிய தொட்டிக்கு மாறுங்கள், அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள். மீனைத் திரும்ப விடுமுன் ஒரு பழைய நைலான் துணியை அலங்காரக் கல், பிளாஸ்டிக் செடி எல்லாவற்றின் மேலும் உரசிப் பாருங்கள். நூல் எதில் சிக்குகிறதோ அதை வெளியே எடுத்துவிடுங்கள்.