முறையிடுவதும் ஜெபம்தான்

அன்புள்ள ஐயா,

அம்மா பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமாகிறது. வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறான். வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், "விசுவாசத்தோடு கேளு, கர்த்தர் சுகம் தருவார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கோ ஜெபிக்க உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. "இன்னும் எத்தனை நாளைக்கு ஆண்டவரே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. என்னிடம் விசுவாசமே இல்லையா?

பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்கும் அதே கேள்வி 13ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" 88ஆம் சங்கீதத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முழுக்க முறையீடு. கடைசி வரியில்கூட விடிவு வராது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். கோபத்தோடாவது அவரிடம்தானே பேசுகிறீர்கள்? விசுவாசம் போய்விட்டவர்கள் அவரிடம் சண்டைக்குப் போவதில்லை.

சுகம் கிடைக்காதது உங்கள் விசுவாசக் குறைவால் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லிவிட முடியும்? அவரையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டியிருந்தது.

வேதாகமத்தில் எனக்கு அதிகம் பிடித்த இடம் எண்ணாகமம் 11ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் ஜனங்கள் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். அவர்களை நடத்திவந்த மோசே உடைந்துபோகிறார். இவர்களை நானா பெற்றேன், பால்குடிக்கிற பிள்ளையைப்போல மார்பிலே சுமப்பதற்கு என்கிறார். என்னால் தனியாக முடியாது, இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. எழுபது மூப்பரைக் கூட்டிவரச் சொல்கிறார், "நீ ஒருவன் மாத்திரம்" சுமக்காமல் அவர்களும் சேர்ந்து சுமக்கட்டும் என்று. மோசேக்கு வேண்டியிருந்த பலம் ஆட்களாக வந்தது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோதும் அப்படித்தான். முதலில் கிடைத்தது தூக்கம், அப்புறம் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். தேவன் அவரிடம் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் சபைகளில் இதைத்தான் மறந்துவிடுகிறோம் என்று எனக்கு ஆற்றாமை உண்டு. ஒரு மகள் தனியாகச் சாகச் சாக உழைப்பதைப் பார்த்து "எவ்வளவு நல்ல சாட்சி" என்று பாராட்டுகிறோம். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6இல் எழுதியிருப்பது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே கேளுங்கள். அடுத்த முறை ஜெபிக்க வருகிறவர்களிடம், "புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்க முடியுமா அக்கா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சபைப் போதகர் ஐயரிடமும் சொல்லுங்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேராவது முன்வருவார்கள். அண்ணனிடம் பணம் மட்டும் போதாது, லீவு போட்டுக்கொண்டு வா என்று சொல்லுங்கள். அவருக்கும் அவர் அம்மாதான். சிலர் சாக்கு சொல்வார்கள். சரி, அடுத்தவரைக் கேளுங்கள்.

யாராவது வந்து உட்காரும் அந்த மத்தியானத்தில் வீட்டு வேலை எதையும் எடுக்காதீர்கள். படுத்துத் தூங்குங்கள். ஜெபிக்கவில்லையே என்று அன்றைக்கு வருந்த வேண்டாம். அம்மாவுக்காக இன்று இரவு நான் ஜெபிக்கிறேன்.

அன்புடன்.