ராத்திரியெல்லாம் தூங்காத காவல் நாய்

கேள்வி: மாதவரத்தில் 4 கறவை மாடு வைத்திருக்கிறேன். கொட்டகைக் காவலுக்கு 2 வயது நாட்டு நாய். பகல் முழுக்கக் கட்டிப் போட்டிருப்போம். ராத்திரி 10 மணிக்கு மிஞ்சின பாலைச் சோற்றில் ஊற்றி வைப்பேன். கொஞ்ச நாளாகத் தூங்குவதே இல்லை. சொறிகிறது, இடம் மாறி மாறிப் படுக்கிறது, விடிய விடியக் குரைக்கிறது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டவே வேண்டாம், அம்மா. மனிதருக்கான மருந்து நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். பாவம், அதற்குத் தூக்கம் வராமல் இல்லை, தூங்க முடியவில்லை.

சொறிகிறது என்கிறீர்களே, முதலில் உண்ணியைப் பாருங்கள். காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு, இந்த மூன்று இடத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். நாய் உண்ணி நாயின் மேலேயே குடியிருப்பதில்லை. ரத்தம் குடித்துவிட்டுச் சுவர் விரிசலில் போய் ஒளியும், அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாயை மட்டும் குளிப்பாட்டினால் சில நாளில் மறுபடி ஏறிக்கொள்ளும். விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். பழைய சாக்கை எரித்துவிடுங்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை மட்டும் நீங்களாக நாய்மேல் ஊற்றாதீர்கள். நாயின் எடையைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்து எழுதுவார்.

அப்புறம் அந்தப் பால். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிறு உப்பும், நடுராத்திரியில் கழியும். பாலை நிறுத்திவிட்டு, 7 மணிக்குள் சோறு வையுங்கள். படுக்கும் முன் ஒருமுறை வெளியே விட்டுக் கூட்டி வாருங்கள்.

வளர்ந்த நாய் ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் தூங்கும். பகலெல்லாம் கட்டிக் கிடந்தால் அந்தக் கணக்கைப் பகலிலேயே முடித்துவிடும், ராத்திரிக்கு என்ன மிச்சம்? காலையில் புல் எடுக்கப் போகும்போது கயிற்றில் பிடித்துக் கூடவே கூட்டிப் போங்கள். சாயங்காலமும் அரை மணி நேரம் நடக்கட்டும்.

படுக்கும் இடம் ரோட்டைப் பார்த்து இருந்தால் ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து குரைக்கும். உங்கள் பக்கம் லாரிக்குப் பஞ்சமில்லை. கொட்டகையின் உள்பக்கம், மாடுகளுக்குப் பக்கத்தில், கோமியம் ஓடாத இடமாகப் பார்த்து ஒரு பழைய கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுங்கள். அடியில் காற்று ஓடும், தரையின் சூடும் ஏறாது. ஆள் நடமாட்டம் கண்டு குரைத்தால் அதட்டாதீர்கள், அது அதன் வேலை.

இத்தனைக்கும் நடுவில் காய்ச்சல் அடித்தாலோ, சோறு தொடாமல் இருந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்த்துவிடுங்கள்.