பாதிப் பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார்களா?

அம்மா, வணக்கம். நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். அது மனதை உறுத்தியதால் இப்போது விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் இரண்டு வருடம் வார்டு வேலை பார்த்திருக்கிறார். ஜெர்மனி போக ஆசைப்படுகிறார். கன்சல்டன்சிக்காரர் ஒருவர், சான்றிதழை அங்கீகரித்து வாங்கித் தர மட்டும் நாலரை லட்சம் ஆகும், பாதியை இந்த வாரமே கட்ட வேண்டும் என்கிறார். வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இந்த வாரம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஜெர்மனி நல்ல யோசனைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கீகாரத்தை யாரும் 'வாங்கித் தர' முடியாது. அது உங்கள் மகள் பெயரில் விண்ணப்பித்து, அங்கே ஓர் அரசு அலுவலகம் பார்த்துத் தருகிற முடிவு.

விசா வேறு, அங்கீகாரம் வேறு. ஜெர்மனியில் நர்ஸ் வேலை சட்டத்தால் காக்கப்பட்ட தொழில். நம் ஊர்ப் பட்டம் அவர்களுடைய படிப்புக்குச் சமம் என்று அரசு சொன்ன பிறகுதான் ஒருவர் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு வேலை செய்ய முடியும். அதுவரை உதவியாளர் வேலைதான், உதவியாளர் சம்பளம்தான். 2012 ஏப்ரல் 1 முதல் அங்கே இதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. எந்த நாட்டில் படித்தவரும் தன் படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நர்ஸ் விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது டெல்லி மாதிரி ஒரு மத்திய அலுவலகம் அல்ல. 16 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரி, கேட்கும் தாள்களிலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். பவேரியாவுக்குத் தயார் செய்த கட்டு ஹெஸ்ஸனுக்கு அப்படியே பொருந்தாது. அதனால் அந்தக் கன்சல்டன்சியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கிறீர்கள், அங்கே எந்த அலுவலகத்தில்?' என்பதுதான். அதற்கு நேரான பதில் வரவில்லை என்றால் அவரோடு மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

சரி, யாரிடம் கேட்பது? வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகவே ஜெர்மன் அரசு 2020-இல் ஓர் ஆலோசனை மையம் தொடங்கியது. 'ஸெட்.எஸ்.பி.ஏ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போனிலும் மின்னஞ்சலிலும் ஆங்கிலத்திலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் மகளின் படிப்புக்கு எந்த அலுவலகம், என்னென்ன தாள், எந்த மாநிலம் பொருந்தும் என்பதை அவர்களே சொல்வார்கள். அதற்கு முன் 'அனெர்கென்னுங் இன் டாய்ச்லாண்ட்' என்ற அரசுத் தளத்தில் தொழிலையும் ஊரையும் போட்டால் பொறுப்பான அலுவலகத்தின் முகவரி வரும். இதை உங்கள் மகளே செய்யட்டும். நாளைக்கு அங்கே போய்த் தனியாக நிற்கப்போகிறவர் அவர்தான். முதல் மின்னஞ்சலை அவர் கையால் எழுதுவது நல்லது.

இனி தாள்கள். என் அனுபவத்தில் மாதக்கணக்கில் இழுப்பது இதுதான், இதைக் கவனமாகப் படியுங்கள். பட்டச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் மட்டும் போதாது. எத்தனை மார்க் என்பதைவிட, எத்தனை மணி நேரம் படித்தார் என்பதே அவர்களுக்கு முக்கியம். அங்கே நர்சிங் பயிற்சி மூன்று வருடம், மொத்தம் 4,600 மணி நேரம். அதில் 2,100 வகுப்பறையில், 2,500 நோயாளிகள் பக்கத்தில். அந்த அளவுகோலின் பக்கத்தில் வைத்துத்தான் நம் படிப்பைப் பார்க்கிறார்கள். பாடவாரியாக எத்தனை மணி நேரம் தியரி, எந்தெந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கல்லூரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் தர வேண்டும். மெடிக்கல், சர்ஜிக்கல், குழந்தைகள், மனநலம், கம்யூனிட்டி என்று தனித்தனியாக. 'கிளினிக்கல் முடித்தார்' என்று ஒற்றை வரியில் தரும் டிரான்ஸ்கிரிப்ட் திரும்பி வந்துவிடும். கல்லூரி அலுவலகத்தில் இதற்கு நடக்க வேண்டியிருக்கும், நடக்கச் சொல்லுங்கள். கூடவே தமிழ்நாடு நர்ஸுகள், தாதியர் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், வேலை பார்த்த இடத்தின் அனுபவச் சான்றிதழ். அதிலும் எந்த வார்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று இருந்தால், படிப்பில் உள்ள ஓட்டையை அனுபவம் அடைக்கும்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தலைவலி: இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில், கவுன்சில் பதிவில் கணவர் பெயர். நமக்கு மூன்றும் ஒரே பெண்தான். அந்த அதிகாரிக்கு மூன்று பேர். பெயர் இப்படி மாறி மாறி இருந்த ஒரு பெண்ணுக்கு ஐந்து மாதம் வீணானதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே நபர்தான் என்று உறுதிப் பத்திரம் இப்போதே தயார் செய்யுங்கள். மூலச் சான்றிதழை யார் கேட்டாலும், ஏஜென்சியே கேட்டாலும், கையை விட்டுத் தராதீர்கள். சான்றளித்த நகல்தான் போக வேண்டும்.

எல்லாம் சரியாகப் போனாலும் ஒருநாள் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வரும். அதில் குறைபாடுகள் என்று பட்டியல் போட்டிருக்கும். முதியோர் பராமரிப்பில் இவ்வளவு மணி நேரம் குறைவு, இதில் அது இல்லை என்று. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் அழுத குடும்பங்கள் உண்டு. அழ வேண்டாம் அம்மா. அது நிராகரிப்பு அல்ல. இந்தியாவில் படித்த நர்ஸுகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கடிதம்தான் வருகிறது, அதை வைத்துத்தான் விசாவுக்கே போகிறார்கள். குறையை நிரப்ப இரண்டு வழி. ஒன்று, அங்கே மருத்துவமனையிலேயே சில மாதங்கள் பயிற்சி, முடிவில் ஓர் உரையாடல். இன்னொன்று, வாய்மொழியும் செய்முறையுமாக ஒரு தேர்வு. தவறினால் ஒரு முறைதான் திரும்ப எழுதலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி விண்ணப்பிப்பவருக்கே. தேர்வு சீக்கிரம் முடியும், ஆனால் புது ஊர், புது மொழி, முதல் வருடம் என்று பார்க்கும்போது உங்கள் மகளுக்குப் பயிற்சி வழியையே சொல்வேன்.

மொழியில் சமரசம் கிடையாது. நர்ஸாக உரிமம் கிடைக்க ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது வேலையிடத்தில் தடுமாறாமல் பேசி எழுதும் அளவு வேண்டும். அதற்கு ஒரு படி கீழே உள்ள பி1-ஐ வைத்துக்கொண்டு விசா வாங்கி, மீதியை அங்கே படிக்கலாம் என்று ஏஜென்சிகள் சொல்வது பொய்யல்ல. ஆனால் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து இலக்கணம் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் பி2-ஐ இங்கேயே முடித்துவிட்டுப் போகட்டும். சென்னை கோத்தே நிலையத்துத் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதி. ஒன்றில் நூற்றுக்கு 60-க்குக் கீழே போனால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

பணத்துக்கு வருகிறேன். அங்கீகார விண்ணப்பத்துக்கு மாநிலத்தைப் பொறுத்துச் சில நூறு யூரோ, மொழிபெயர்ப்புக்குத் தனியாக. நாலரை லட்சத்தில் மீதி எங்கே போகிறது என்று அந்தக் கன்சல்டன்சிக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். நர்ஸிடம் பணமே வாங்காமல், வேலை தருபவரே செலவை ஏற்கும் வழிகளும் உண்டு. ஜெர்மன் அரசின் 'ட்ரிபிள் வின்' திட்டம் அப்படித்தான். கேரளாவில் நோர்கா ரூட்ஸ் என்ற அந்த மாநில அரசு நிறுவனம் மூலமாக அது நடக்கிறது. நம் மாநிலத்தில் அரசு நிறுவனமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் இப்போது ஜெர்மனிக்கு என்ன அழைப்பு இருக்கிறது என்று ஒரு முறை விசாரியுங்கள். இலவசம் என்று வரும் ஒப்பந்தத்திலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பத்தி. எவ்வளவு தொகை, மாதாமாதம் குறையுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அப்புறம், கன்சல்டன்சி தந்த பட்டியலில் 'பட்ட ஒப்பீட்டுச் சான்று, 208 யூரோ' என்று ஒரு வரி இருப்பதாகச் சொன்னீர்கள். அது ஜெர்மனியின் பான் நகரத்து மத்திய அலுவலகம் தருவது. தொழில் உரிமம் தேவைப்படாத பட்டதாரிகளுக்கானது. உங்கள் மகளின் நர்ஸ் உரிமத்துக்கு அது வேண்டாம். அந்த வரியை ஏன் போட்டார் என்பதையும் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட், எல்லா மார்க் ஷீட், கவுன்சில் சான்றிதழ், அந்தக் கன்சல்டன்சி தந்த தாள், எல்லாவற்றுக்கும் நகல் போதும். ஆலோசனை மையத்துக்குப் போக வேண்டிய மின்னஞ்சலை மூன்று பேரும் உட்கார்ந்து எழுதி, இங்கிருந்தே அனுப்பிவிடலாம். அதற்குள் அந்தக் கன்சல்டன்சிக்காரர் போன் செய்தால், பதில் வந்ததும் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.