‘நல்லா இருக்கு’ என்று சொன்னபிறகு என்ன சொல்வது? புகைப்படங்களுக்குக் கருத்துச் சொல்வது பற்றிக் கேள்வி பதில்

31 வருடம் கும்பகோணத்தில் ஸ்டூடியோ நடத்தினேன். அதில் பாதிக் காலம் இருட்டறை, மீதிக் காலம் கம்ப்யூட்டர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாகப் படம் எடுப்பவர்களோடு உட்கார்ந்து அவர்கள் படங்களைப் பார்க்கிறேன். அடுத்தவர் படத்துக்கு எப்படிக் கருத்துச் சொல்வது என்பதை மட்டும் இன்று கேளுங்கள். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்காதீர்கள். படம் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வந்து சேரும். அதை வைத்து ஃபோகஸ் சரியா தப்பா என்று சொல்ல முடியாது.

சார், என் நண்பன் மார்கழியில் எடுத்த படம் இது. விடியற்காலையில் ஒரு அக்கா வாசலில் கோலம் போடுகிறார். எனக்குப் படம் சுமாராகத்தான் தெரிகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? (மன்னார்குடி)

மனம் நோவது இருக்கட்டும் தம்பி. ஏன் சுமாராகத் தெரிகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம்.

படத்தைத் திறந்ததும் என் கண் அந்த அக்காவிடம் போகவில்லை. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிற பைக்கின் சிவப்புப் பின்விளக்குக்குப் போனது. அடுத்து தெருவிளக்கு. மூன்றாவதாகத்தான் கோலம் போடும் கைக்கு வந்தேன். கண் போன இந்த வழியை அப்படியே அவனிடம் சொல்லுங்கள். “பைக் இருக்கக் கூடாது” என்றால் “ஏன் இருக்கக் கூடாது?” என்பான். “எனக்கு முதலில் பைக்தான் தெரிந்தது” என்று சொன்னால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

அப்புறம் கை. விரலிடுக்கிலிருந்து இறங்குகிற மாவு மெல்லிய கோடாக விழுந்திருக்கிறது. கை லேசாகக் கலங்கியிருக்கிறது, குனிந்த முகம் கூர்மையாக இருக்கிறது. 1/15 வினாடி பக்கத்தில் ஷட்டர் (ஒளி உள்ளே வர கேமரா திறந்திருக்கும் நேரம்) வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் “சூப்பர் மச்சி” என்று விட்டால், எது நன்றாக வந்தது என்றே அவனுக்குத் தெரியாது. அடுத்த மார்கழியில் 1/500 வைத்து அந்தக் கையைச் சிலை மாதிரி நிறுத்திவிடுவான். குறையை விவரமாகச் சொல்கிறவர்கள்கூடப் பாராட்டை ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பாராட்டுக்கும் விவரம் வேண்டும்.

நிறத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், கேள்விதான் கேட்பேன். தெருவிளக்குப் பக்கம் கோலமாவு மஞ்சளாகவும் வானம் திறந்த பக்கம் நீலமாகவும் இருக்கிறது. வேண்டுமென்றே விட்டானா, கவனிக்கவில்லையா? வேண்டுமென்றே விட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்கிறது. கவனிக்கவில்லை என்றால் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே வர நிறத்தைச் சரிசெய்வது பற்றிப் பேசலாம்.

பைக்கைக் கம்ப்யூட்டரில் வெட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வெட்டினால் கோலத்தின் இடது முனையும் சேர்ந்து போகும். எடுக்கும்போதே வலப்பக்கம் இரண்டு எட்டு வைத்திருந்தால் பைக் அந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவனிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த தடவை உதவும்.

50,000 ரூபாய்க்குள் எந்த கேமரா நல்லது?

முதல் பத்தியைப் படியுங்கள்.

படத்தில் ஆள் நடுவில் இருந்தால் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதியை (படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்துக் கட்டம் போட்டு, ஆளை அந்தக் கோட்டில் வைப்பது) சொல்லித் திருத்துகிறேன். எல்லோருக்கும் சொல்ல எளிதான கருத்து அதுதானே? (சேலம்)

எல்லோருக்கும் சொல்கிறீர்கள் என்பதுதான் சிக்கல். படத்தைப் பார்க்காமலே சொல்லலாம் போலிருக்கிறது. அந்தப் பெயரை முதலில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேயர், 1797இல். நாட்டுப்புறக் காட்சி வரையும் ஓவியர்களுக்கு, வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கோ ஒரு பங்கோ கொடுங்கள் என்று யோசனை சொன்னார். புகைப்படம் என்று ஒன்று இருப்பதாக உலகத்துக்கு அறிவித்ததே 1839இல்தான். அவரும் ‘பொதுவாக’ என்று சொல்லித்தான் எழுதினார். நாம் அதை மனுதர்மம் ஆக்கிவிட்டோம்.

கூந்தன்குளத்தில் நண்பர் எடுத்த நாரைப் படங்கள் எல்லாம் கலங்கலாக இருக்கின்றன. “ஷேக் ஆகியிருக்கிறது” என்றேன், கோபித்துக்கொண்டார். (திருநெல்வேலி)

ஒருவேளை ஷேக் ஆகாமலே இருந்திருக்கும், அவர் கோபத்திலும் நியாயம் இருக்கலாம். கலங்கலில் மூன்று வகை உண்டு. படத்தில் உள்ளதெல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. மரமும் கூடும் தெளிவாக இருந்து இறக்கை மட்டும் இழுபட்டிருந்தால் பறவையின் வேகத்துக்கு ஷட்டர் போதவில்லை. எதுவும் இழுபடாமல், பறவைக்குப் பின்னால் உள்ள கிளை மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் 1/300 வினாடிக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. சின்ன சென்சார் (ஒளியை வாங்கும் சில்லு) உள்ள கேமராவில் 1/500 என்று வைத்துக்கொள்ளலாம். பறக்கிற பறவைக்கு 1/1600 அல்லது அதற்கும் மேலே.

இன்னொன்று. மஞ்சள் மூக்கு நாரையின் வெள்ளை இறகு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருண்ட மரத்துக்கு முன்னால் வெள்ளைப் பறவை இருந்தால் கேமரா மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைக்கச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் கருத்துக் கேட்டிருந்தால் மட்டும் இதெல்லாம். கேட்காதவரிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

விதியே வேண்டாம் என்றால் கருத்து வெறும் ரசனை ஆகிவிடாதா? நீங்கள் 31 வருட அனுபவத்தில் பேசுகிறீர்கள். எங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டாமா? (மீண்டும் சேலம்)

நல்ல கேள்வி. கைப்பிடி வேண்டும்தான். ஆனால் விதியைச் சொல்வதை விட, அந்த விதி எதற்காக வந்ததோ அதைச் சொல்லுங்கள். குழந்தை வலப்பக்கம் பார்த்துத் தவழ்கிறது, ஃபிரேமும் வலப்பக்கம் முடிந்துவிடுகிறது என்றால், “அது போக இடம் இல்லாத மாதிரி இருக்கிறது” என்று சொன்னால் போதும், எடுத்தவருக்குப் புரியும். 21 புள்ளிக் கோலத்தை மாடியிலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்தவரிடம் போய் “கோலத்தை ஓரத்துக்குத் தள்ளுங்கள்” என்றால் உங்களைத் திண்ணையில்கூட உட்கார விட மாட்டார்கள். அது நடுவிலிருந்து நாலு பக்கமும் விரிகிற வடிவம். கோபுரத்தை நேர் எதிரே நின்று எடுத்தாலும் அப்படித்தான். அங்கே பார்க்க வேண்டியது சாய்வு. ஒரு டிகிரி சாய்ந்தாலும் தெரிந்துவிடும்.

என் மகளுக்கு 11 வயது. என் மொபைலில் ஒரு நாளைக்கு 200 படம் எடுக்கிறாள், எல்லாவற்றையும் காட்டி “எப்படிம்மா?” என்கிறாள். குறை சொல்ல மனமில்லை, பொய் சொல்லவும் விருப்பமில்லை. (காரைக்கால்)

குறையே சொல்ல வேண்டாம் அம்மா. “இதில் 5 படம்தான் வைத்துக்கொள்ளலாம், மீதியை அழிக்க வேண்டும். எந்த 5?” என்று கேளுங்கள். 200இல் 195ஐத் தள்ள அவளே காரணம் கண்டுபிடிப்பாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து “இது ஏன் வேண்டாம்?” என்று மட்டும் கேட்டால் போதும். என் பேத்தி தன் நாய்க்குட்டிப் படங்கள் 40ஐ இப்படிக் கழித்தாள். கடைசியில் நாயே இல்லாத படம் ஒன்றை வைத்துக்கொண்டாள். காலித் தட்டும் ஈரக் கால்தடமும். எனக்குத் தோன்றியிருக்காது.

அழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். அவளிடம் சொல்ல வேண்டாம்.

சேலம் நண்பர் சொல்வதே சரி. போட்டிக்கு அனுப்பினால் நடுவர்கள் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் சொல்கிற மாதிரி எடுத்தால் முதல் சுற்றிலேயே வெளியே. (ஈரோடு)

நானும் நடுவராக இருந்திருக்கிறேன், அதனால் உண்மையைச் சொல்கிறேன். ஒரு மதியத்தில் ஏகப்பட்ட படம். ஒரு படத்துக்கு ஐந்து வினாடி கிடைத்தால் அதிகம். மூன்று மணிக்கு மேல் என் கண்ணும் அந்தக் கட்டத்தைத்தான் தேடியது. அன்று ஒரு படத்தைத் தள்ளினேன். திருவிழாக் கூட்டத்தில் பலூன்காரர் நட்டநடுவில் நிற்கிறார், சுற்றி ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. நடுவில் நின்றதால்தான் அந்தத் தனிமை தெரிந்தது என்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. என்ன பயன்? போட்டியில் ஜெயிக்க அந்தக் கட்டம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நண்பர் படத்தைப் பார்க்க உங்களுக்கு ஐந்து வினாடிக்கு மேல் இருக்கிறதே?

வானத்தை மாற்றி வைத்த படத்தை ‘ஏமாற்று’ என்று சொல்லலாமா?

1858இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்கிற ஆங்கிலேயர், தன் காகித நெகட்டிவ்களில் கையாலேயே மேகம் தீட்டியிருக்கிறார். அந்தக் கால ரசாயனம் நீல ஒளியை அதிகமாக வாங்கிக்கொள்ளும், வானம் வெறும் வெள்ளையாக வரும். செய்திப் படம் என்றால் மாற்றவே கூடாது. மற்ற படத்தில், சூரியன் இடப்பக்கம் இருக்கும்போது ஆட்களின் நிழலும் இடப்பக்கமே விழுகிறதா? அதைச் சொல்லுங்கள். ‘ஏமாற்று’ என்ற வார்த்தை வேண்டாம்.

புது மொபைல் வாங்கினால் படம் நன்றாக வருமா சார்?

மேலே இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன்.

சந்தையில் தூங்குகிற பாட்டியை நண்பர் குளோசப்பில் எடுத்திருக்கிறார். படம் அருமை, ஆனால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. கருத்துச் சொல்லும்போது இதையும் சொல்லலாமா? (திண்டுக்கல்)

சொல்ல வேண்டும். ஒளியும் ஃபோகஸும் மட்டும்தான் கருத்து என்று யார் சொன்னது? “பாட்டி விழித்ததும் படத்தைக் காட்டினாயா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிடும். இதைக் கூட்டத்தில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

என் படத்தை அனுப்பியிருக்கிறேன், கருத்துச் சொல்லவும். (பெயர் இல்லை)

கட்டை விரல் அளவுக்கு வந்திருக்கிறது. டாக்குமெண்ட். டாக்குமெண்டாக.

சரி சார், பேச்சை விடுவோம். நான் எடுத்த படம் இது, டாக்குமெண்டாகவே அனுப்பியிருக்கிறேன். கார்த்திகை அகல் விளக்கு, சரியாக மூன்றில் ஒரு பங்குக் கோட்டில். குறை சொல்லுங்கள் பார்ப்போம். (சேலம்)

நீங்களே கேட்டதால் சொல்கிறேன். முதலில் சுடருக்குத்தான் போனேன். அங்கே ரொம்ப நேரம் இருந்தேன், எண்ணெயில் சுடரின் நிழல் தலைகீழாக ஆடுவது வரைக்கும் தெரிகிறது. சுடர் வெளுக்காமல் எக்ஸ்போஷரை அடக்கிப் பிடித்திருக்கிறீர்கள், எளிதில்லை. அகல் அந்தக் கோட்டில் இருப்பதும் இங்கே பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். வலப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு கதவும், கதவிடுக்கில் பாதி முகமும் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. பிரகாசத்தைக் கூட்டிப் பார்த்தேன், முகம்தான். அவர் அங்கே நிற்பது எடுக்கும்போது உங்களுக்குத் தெரியுமா? அதற்குப் பதில் எழுதுங்கள், மீதியை அப்புறம் சொல்கிறேன்.