கூட்டுப் பணமும் தொங்கும் வயிறும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 44 வயது. பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. மூன்று பிள்ளைகளும் ஆபரேஷன் செய்து பிறந்தவர்கள். எவ்வளவு நடந்தாலும், சோற்றைக் குறைத்தாலும் அடிவயிறு பை மாதிரி தொங்குகிறது. எங்கள் லைனில் ஒருத்தி கண்ணுக்கு, ஒருத்தி மூக்குக்கு என்று ஆளாளுக்கு அழகு ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறார்கள். மாதாமாதம் எல்லாரும் பணம் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் எடுக்கிற கூட்டு, டிசம்பரில் என் முறை, 6,000 வெள்ளி. வீட்டுக்கே வந்து கொழுப்பு கரைக்கும் ஊசி போடும் பியூட்டிஷனைத் தெரியும் என்கிறாள் ஒரு தோழி. இன்னொருத்தி தாய்லாந்தில் இருக்கிற ஹட்யாய்க்கு வேனில் போய்ச் செய்துகொள்ளலாம் என்கிறாள். கணவர் சிரிக்கிறார். மூத்த மகள் "இந்த வயசுல எதுக்கும்மா?" என்கிறாள். நான் ஆசைப்படுவது தப்பா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: தங்கச்சி, அதை என்னிடம் கேட்காதீர்கள். பதினைந்து வருஷமாகத் தலைக்கு மை அடித்துக்கொண்டுதான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் மட்டும் செய்த காரியம் இன்று ஓவர்டைம் காசில் நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் அவர்கள் போகிற டாக்டரிடம் நாம் போவதில்லை, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்கிறோம். என் பயம் அங்கேதான். (கூட்டைத் தொழிலாக நடத்துவது 1971-லிருந்தே சட்டப்படி தடை. சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.)

முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போங்கள். செலவு 1 வெள்ளி. அந்தப் பை வெறும் கொழுப்புதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? பிள்ளை சுமக்கும்போது நடுவயிற்றுத் தசைகள் இரண்டு பக்கமும் விலகும். சிலருக்கு அவை திரும்பச் சேர்வதில்லை. மூன்று முறை வெட்டித் தைத்த இடம் பலவீனமாகி, அதன் வழியே குடல் பிதுங்குவதும் உண்டு. அதுதான் ஹெர்னியா. இருமும்போது ஓரிடம் புடைத்து, படுத்தால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹெர்னியா என்றால் அது அழகு சமாச்சாரம் இல்லை, நோய். அரசாங்க மருத்துவமனையிலேயே சரிசெய்வார்கள், கூட்டுப் பணத்தைத் தொடவே வேண்டாம். இது தெரியாமல் அந்த இடத்தில் ஊசியோ குழாயோ குத்தினால் குடலே ஓட்டையாகலாம்.

ஹெர்னியா இல்லை, தளர்ந்த தோல்தான் என்றால், ஊசியும், குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் லைப்போவும் உங்களுக்கு உதவாது. அவை கொழுப்பைக் குறைக்கும், தோல் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு டம்மி டக் என்கிற பெரிய ஆபரேஷன் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை வெட்டி, மிச்சத் தோலை எடுத்து, விலகிய தசையையும் இழுத்துத் தைப்பார்கள். நீளமான தழும்பு நிற்கும். நம் நிறத்துக்குத் தழும்பு தடித்துப் போகும் வாய்ப்பு கூடுதல். உங்கள் பழைய சிசேரியன் தழும்பையே தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி தடித்திருந்தால் டாக்டர் கேட்காமலே காட்டுங்கள். சர்க்கரையும் பரிசோதிக்க வேண்டும். இந்த நாட்டில் அது நம் இனத்தாரிடம்தான் அதிகம், சர்க்கரை ஏறிக் கிடந்தால் புண் ஆறாது.

இந்த ஆபரேஷனைச் செய்ய வேண்டியவர் பிளாஸ்டிக் சர்ஜன். அவர் பெயர் நிபுணர் டாக்டர்களுக்கான பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடலாம். சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்கிற அழகு சிகிச்சை அனுமதிக் கடிதம் வைத்திருக்கும் சாதாரண டாக்டர் போட்டாக்ஸ், ஃபில்லர் போடலாம், இதைச் செய்யக் கூடாது. பியூட்டிஷன் ஊசியையே தொடக் கூடாது. 2020 அக்டோபரில் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சப் போய்ப் படுத்த 23 வயதுப் பெண் இறந்துபோனார். உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஹட்யாயில் நல்ல டாக்டர்கள் இல்லாமல் இல்லை. சிக்கல் திரும்பி வருவதில்தான். புதுத் தையலோடு வேனில் மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறலாம். பத்தாம் நாள் தையலில் சீழ் வைத்தால், வெட்டியவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

6,000 வெள்ளி தனியார் மருத்துவமனையில் அநேகமாகப் போதாது. மருத்துவக் காப்புறுதி அட்டையும் அழகு சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராது. குறைகிற பணத்துக்குக் கடன் வாங்காதீர்கள், அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம். வயிறு எங்கேயும் ஓடிப்போகாது.

டிசம்பரில் செய்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் பால்குடம் சுமக்கும் எண்ணம் வேண்டாம். ஆறு வாரமாவது கனமான எதையும் தூக்கக் கூடாது. அரிசி மூட்டை, ஈரத்துணி வாளி, கேஸ் தோம்பு எல்லாம் இதில் சேர்த்தி. யார் தூக்குவது என்று அந்தச் சிரிக்கிற மனுஷனிடம் இப்போதே பேசி வையுங்கள்.